இருநூறு மெகாஹெர்ட்ஸ்

என் வீட்டுக்காரர் வாய் இருந்த காலத்தில் பேசியதைவிட வாய் போன பிறகு பேசியதுதான் அதிகம். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. பெயர் ஆனந்தராஜா. ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். காலையில் ஒரு வார்த்தை, சாயங்காலம் ஒரு வார்த்தை, மற்ற நேரமெல்லாம் பேப்பர். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் அந்த வியாதி வந்து கால், கை, நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் வலது கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தது. அந்த ஒற்றை விரலை வைத்துக்கொண்டு மனுஷன் என்னோடு நாலு வருஷம் சண்டை போட்டார்.

எப்படி என்றால், அவருடைய சித்தப்பா மகன் விஸ்வலிங்கம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். திரை முழுக்கத் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு மஞ்சள் பட்டை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாக நகரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் இவர் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். பிறகு பட்டை அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி ஒரு அழுத்து, எழுத்து கீழே விழும். ஒரு வாக்கியம் எழுதப் பத்து நிமிஷம் ஆகும்.

பத்து நிமிஷம் செலவழித்துச் சொல்வதால் அவர் வீண் பேச்சு பேசமாட்டார். "உப்பில்லை." "மழை. துணி." "நோர்மாவிடம் கத்த வேண்டாம், அவள் போனால் உமக்குத்தான் கஷ்டம்." நோர்மா பக்கத்து வீட்டு மலாய்ப் பெண். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் இவரைப் பார்த்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி வந்தது, அதனால் திரையில்கூட 'நீர்', 'உமக்கு' என்றுதான் என்னை அழைப்பார். புள்ளி வைக்க இன்னொரு தடவை அழுத்த வேண்டுமே என்று பாதிப் புள்ளிகளை விட்டுவிடுவார். கட்டைவிரலிலும் சிக்கனமா என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் எழுதப் பத்து நிமிஷம் உட்கார்ந்து, "எஸ்டேட்டுக்காரிக்கு என்ன தெரியும்" என்று எழுதுவார். எழுதிவிட்டுக் கண்ணால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் வாயைக் கொடுப்பேன்.

தொண்ணூற்று ஏழாம் வருஷம் ஆகஸ்டில் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பாதி வாக்கியத்தில் அப்படியே உறைந்துபோகும். அணைத்துப் போட்டால் ஐந்து நிமிஷம் ஓடும், மறுபடி உறையும். விஸ்வலிங்கம் இருந்தால் ஒரு வழி சொல்லியிருப்பார். அவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன இரண்டாம் வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். போர்டில் இருந்த பேட்டரி ஒழுகி, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. போர்டையும் சிப்பையும் மாற்றாமல் தீராது என்று எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு அவர் அரை மணி நேரம் போராடி எழுதினார். நடுவில் இரண்டு தடவை உறைந்து, முதலிலிருந்து எழுதினார். "இதே மாதிரி ஒண்டு வாங்கும். செகண்ட் ஹாண்ட் போதும்."

எனக்குச் சுருக்கென்றது.

நான் அப்போது பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருந்தேன். கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்கிறார்களே, அந்தச் சிப்பைத்தான் நாங்கள் சோதிப்போம். எல்லாம் ஒரே தகட்டில் இருந்து வெட்டி எடுத்ததுதான். முதலில் அதிக வேகத்தில் ஓட்டிப் பார்ப்போம். தாக்குப் பிடித்தால் மேல் தட்டு. பிடிக்காவிட்டால் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுவோம், அடுத்த தட்டு. அதிலும் முடியாவிட்டால் அதற்கும் கீழே. கீழ்த் தட்டுச் சிப்பும் நல்ல சிப்புதான், விற்கத்தான் செய்வார்கள். ஆனாலும் எங்கள் வாயில் அதற்கு 'டவுன்கிரேட்' என்றுதான் பெயர். பதினாறு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி, மெதுவாக ஓடுவது எதுவானாலும் எனக்கு ஒரு படி மட்டம்தான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்தன்று அவர் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. டவுன்கிரேட் என்ற வார்த்தை அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்டவள் என் புருஷன் பேசுகிற வாய்க்கு யாரோ கழற்றிப் போட்ட போர்டையா கொண்டுவந்து மாட்டுவேன்? சிக்கனம் பார்க்கிறார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பெட்டியோடு டாக்சி பிடித்து கொம்தார் கடைத்தொகுதிக்குப் போனேன். இரண்டாம் மாடியில் யூசுப் என்று ஒரு பையன், முப்பது வயசிருக்கும், தனியாகக் கடை வைத்திருந்தான். பினாங்கிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம். பெட்டியைத் திறந்ததும் உச்சுக் கொட்டினான்.

"அக்கா, பேட்டரி ஒழுகிருச்சி. போர்டு ரோசாக்லா. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

"அது எனக்கும் தெரியும் தம்பி. வேற போர்டு காட்டுங்க."

மூன்று போர்டை மேசைமேல் பரப்பினான். முதலாவது எங்கள் பழைய போர்டுக்கு உடன்பிறந்தது மாதிரியே இருந்தது, ஏதோ ஒரு ஆபீசில் கழற்றியது. மற்ற இரண்டும் புதுசு. ஒன்றுக்கு நூற்று முப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ் சிப், இன்னொன்றுக்கு இருநூறு. பழசு முப்பத்துமூன்று.

"எதுக்கு அக்கா யூஸ் பண்ணுவீங்க? கேமா, ஆபீஸ் வேலையா?"

"வீட்டு வேலைக்கு."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. சொன்னால் முகம் மாறும், 'ஐயோ பாவம்' என்பார்கள், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஐயோ பாவத்தை நாலு வருஷமாகக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

யூசுப் விடவில்லை. "பழைய டோஸ் புரோகிராம் ஏதாச்சும் ஓட்டுவீங்களாக்கா? அப்படின்னா கேட்டு வாங்குங்க. சிலது புது சிப்புல சேட்டை பண்ணும். அதுக்கு இந்தக் கழட்டின போர்டே போதும்லா."

"தம்பி, இந்தச் சிப்பைத்தான் நான் பதினாறு வருஷமா செக் பண்றேன். நல்ல சிப்புல எதுவும் ஓடும். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அவன் சிரித்தான். "அப்ப நீங்கதான் தவ்க்கே, முதலாளி. எது வேணும், சொல்லுங்க."

இருநூற்றைக் காட்டினேன். அதை மாட்டும்போது சிப்பின் முதுகில் இருந்த எண்களைப் படித்தேன். மேல் தட்டில் இருந்து வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

பொத்தானைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து டேப் ஒட்டினேன். திரை வந்தது. முன்பெல்லாம் வர ஒரு நிமிஷம் ஆகும், இப்போது டக்கென்று வந்து நின்றது. மஞ்சள் பட்டை அதே நிதானத்தில்தான் நகர்ந்தது. "பாத்தீங்களா? சொல்லுங்க இப்ப, எஸ்டேட்டுக்காரிக்கு என்ன தெரியும்னு" என்றேன். அவர் அழுத்தினார்.

'க' விழுந்தது. உடனே இன்னொரு 'க'. அடுத்து 'த', 'த', 'த'. அவர் நிறுத்தி, மறுபடி முயன்றார். 'ப', 'ப'. எல்லாம் வரிசையின் முதல் எழுத்தாகவே வந்து விழுந்தன. வரிசையைத் தேர்ந்த அடுத்த கணமே, விரலை எடுப்பதற்குள், எழுத்தும் தேர்வாகிவிட்டது. அவர் கண் என்னைப் பார்த்தது, திரையைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தொழிற்சாலையில் செய்வதைத்தான் செய்தேன். ஒரு சிப் தோற்றால், குறை சிப்பிலா சோதிக்கும் இயந்திரத்திலா என்று பார்க்க, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை அதே இடத்தில் வைத்து ஓட்டுவோம். பொத்தானை அவர் விரலில் இருந்து எடுத்து நானே தட்டினேன். தட், தட். 'ஆனந்தராஜா' என்று அவர் பெயர் ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. மெஷின் பாஸ்.

அப்படியானால் குறை விரலில்.

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அடுத்து அந்தக் கட்டைவிரல்தான் என்று. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ என்றிருந்தார். அது வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வெரல் வரலையாங்க?" என்று கேட்டேன். ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை. எங்களுக்குள் இருந்த இன்னொரு பேச்சு அதுதான். அதிலும் நாலைந்து கேள்விக்கு மேல் போகாது. இமை களைத்துத் தானாக விழத் தொடங்கிவிடும், பிறகு எது சிமிட்டல், எது களைப்பு என்று தெரியாது.

அவர் இரண்டு தடவை சிமிட்டினார். இல்லை.

"வெரல் நல்லாத்தான் இருக்கா?"

ஒரு தடவை.

ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். கால் போனபோதும் அப்படித்தான் ஒரு மாசம் மறுத்தார். அவர் நெற்றியைத் தடவி, "சரி, சரி" என்றேன். அந்த 'சரி'யை நினைத்தால் இப்போதும் என் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று நாள் விடாமல் முயன்றார். நான் வேலையில் இருக்கும்போதும் நோர்மாவைக் கண்ணால் கூப்பிட்டு மெஷினைப் போடச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் நான் வந்ததும் நோர்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள், "காக், டியா மாரா மெசின் இத்து." அக்கா, அவருக்கு அந்த மெஷின்மேல் கோபம் என்று அர்த்தம். அவள் படிக்காத பெண், கம்ப்யூட்டரைத் துடைக்கவே பயப்படுவாள். விரல் வராத கோபத்தை மெஷின்மேல் காட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரையில் 'கக தத கக பப' என்று மூன்று வரி நிறைந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே பொத்தானைக் கழற்றிவிட்டேன். அவர் தன்னைத் தானே வதைத்துக்கொள்கிறார், பார்க்காவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். மெஷினின் மேல் துணி போட்டு மூடினேன். கழற்றும்போது அவர் விரல் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அதை நான்தான் மெதுவாகப் பிரித்து எடுத்தேன்.

அந்த வருஷம் புகைமூட்டம். இந்தோனேசியக் காடு எரிந்து பினாங்கு மலையே தெரியவில்லை. ஜன்னலை மூடி வைத்திருந்தோம். அவர் நாள் முழுக்க அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டால் கண்ணை மூடிக்கொள்வார். "வலிக்குதா?" இரண்டு சிமிட்டல். "பசிக்குதா?" இரண்டு. "டிவி போடவா?" இரண்டு. பிறகு இமை விழுந்துவிடும். தினமும் இதே கேள்விகள்தான். மெஷின் சரியாக இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அதற்கு விடை எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

தீபாவளி வந்து போயிற்று. நவம்பரில் புகையும் போய்விட்டது. சும்மா கிடப்பதை விற்றுவிட்டு, அவர் முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை வாங்கலாம் என்று மெஷினை எடுத்துக்கொண்டு மறுபடி யூசுப்பிடம் போனேன். பொத்தானும் வயரோடு பெட்டியிலேயே தொங்கியது.

"புதுசா இருக்கே. ஏன் அக்கா விக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை முடுக்கினான். விஸ்வலிங்கத்தின் புரோகிராம் தானாக வந்து நின்றது. மஞ்சள் பட்டை நகர்ந்தது. யூசுப் பொத்தானைக் கையில் எடுத்தான்.

"இது என்ன சாமான் அக்கா?"

வேறு வழியில்லாமல் சொன்னேன், முதல் தடவையாக. வீட்டுக்காரர், வியாதி, ஒற்றை விரல், எல்லாம். அவன் முகம் நான் பயந்த மாதிரியே மாறியது. கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தினான். கேட்கும் கவனத்தில் கட்டைவிரலை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

'க', 'க', 'த', 'த', 'த'.

"என்னாக்கா இது? ஒரு தடவ அமுத்தினா ரெண்டு மூணு எழுத்து விழுது?"

"வெரல உடனே எடுத்துடணும் தம்பி. தட்டிட்டு எடுத்துடணும்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே என் கண் அவன் கட்டைவிரலில் நின்றது. அவர் எப்போது விரலை உடனே எடுத்தார்? நாலு வருஷமாக அழுத்திவிட்டு, மெல்ல, மெல்லத்தான் எடுப்பார். அந்தப் பழைய மெஷின் அவர் எடுக்கும் வரை காத்திருந்தது.

யூசுப் ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "எழுதினவரு நல்லா யோசிச்சித்தான் எழுதியிருக்காரு. பொத்தான் அமுத்தினா சும்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருன்னு வெச்சிருக்காரு, வெரல எடுக்க நேரம் குடுக்கறதுக்கு. பட்டை கடிகாரத்தப் பாத்து ஓடுது, ஆனா இந்த எண்ணிக்கை சிப்பு வேகத்துக்குத்தான் ஓடும். பழைய சிப்பு எண்ணி முடிக்க ரெண்டு செகண்ட் ஆயிருக்கும். இது இருநூறுலா. எண்ணி முடிச்சிட்டு, கையெடுக்கறதுக்குள்ள அடுத்த அமுத்துன்னு எடுத்துக்குது."

"என் கையில சரியா வந்துச்சே."

"நீங்க டக்குன்னு தட்டியிருப்பீங்க."

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மெஷினை அணைத்துப் போட்டு, நீலத் திரையில் எதையோ தேடி, இரண்டே இரண்டு வரியை மாற்றினான். சிப்பின் வேகத்துக்கு உதவும் நினைவகத்தை அடைத்துவிட்டானாம், இப்போது அது பழைய போர்டு மாதிரி ஊர்ந்துதான் ஓடுமாம். மறுபடி புரோகிராம் வந்தது. பொத்தானை அழுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு எடுத்தான். ஒரே ஒரு எழுத்து விழுந்தது.

"அவ்வளவுதான்க்கா."

"அப்பவே கேட்டிருந்தா?"

அவன் தயங்கினான். "போன்லயே சொல்லியிருப்பேன். ரெண்டு நிமிஷ வேல."

பாவம் பார்த்து அவனே கடையை அடைத்துவிட்டுத் தன் வேனில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். படி ஏறும்போது எனக்கு மூச்சு இரைத்தது. திரைமேல் கிடந்த துணியை இழுத்து எறிந்துவிட்டு மெஷினைப் பூட்டி அவர் எதிரில் வைத்தேன். பட்டை நகர்ந்தது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் பொத்தானை வைத்து டேப் ஒட்டினேன்.

"மெஷின்தாங்க பழுது. சரி பண்ணிட்டேன். அமுத்துங்க."

பட்டை மேலிருந்து கீழே போனது. மறுபடி மேலே வந்தது. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. விரல் அசையவில்லை. பத்து வாரம் சும்மா மடியில் கிடந்த விரல். நான் அதைத் தேய்த்தேன், ஊதினேன், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தேன். நோர்மா ஓடி ஓடித் தண்ணீர் மாற்றினாள். பட்டை அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரை பார்த்தோம். மறுநாள் டாக்டர் வந்து ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, போய்விட்டது என்றார். சும்மா போட்டதால் இல்லை, எப்படியும் இந்த மாதத்துக்குள் போயிருக்கும் என்றும் சொன்னார். அப்படியானால் அந்தப் பத்து வாரம் அவருக்கு இருந்திருக்கிறது. பத்து வாரப் பேச்சை நான் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

டாக்டர் போன பிறகு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இமை களைப்பதற்குள் கேட்டுவிட வேண்டும்.

"மெஷின்தான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

ஒரு சிமிட்டல்.

"அதைத்தான் சொல்லப் பாத்தீங்களா, அந்த மூணு நாளும்?"

ஒரு சிமிட்டல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஆமாமா, இல்லையா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அது மட்டும் இல்லை, வேறொன்றும் சொல்லப் பார்த்தார் என்று எனக்குப் பட்டது.

"வேற என்னங்க? என்ன சொல்லணும் எனக்கு?"

கேட்டுவிட்டுத்தான் எனக்கு உறைத்தது, இதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் சிமிட்டவில்லை. நான் வேறு கேள்வி கேட்பேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.